ஆறிய புண்ணும் நிமிராத கழுத்தும்: தீக்காய மறுவாழ்வில் வடக்கு கவனிக்க வேண்டியவை

தீக்காயத்துடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட ஒருவர் உயிர் தப்பி வீடு திரும்பினால், அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால், மறுவாழ்வுச் சிகிச்சை குறித்து மருத்துவ மாநாடுகளில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது வேறு. புண் மூடும் நாளில் சிகிச்சையின் முதற்பாதிதான் முடிகிறது. மறுபாதி ஒன்று முதல் இரண்டு வருடங்கள் வரை நீளக்கூடியது. யாழ் மருத்துவ சங்கம் ஆண்டுதோறும் தன் கல்வி அமர்வுகளை நடத்திவருகிறது. அத்தகைய அரங்குகளில் பகிரப்படும் அறிவு, வன்னியிலும் தீவகத்திலும் இருக்கும் ஒரு நோயாளியின் வீடு வரை போய்ச் சேர்கிறதா என்பதே இங்கு எழும் கேள்வி.

ஆழமாக எரிந்த தோல் ஆறும்போது சுருங்கும். கழுத்து எரிந்தால் நாடி நெஞ்சை நோக்கி இழுபடும். கை எரிந்தால் விரல்கள் உள்நோக்கி மடங்கும். வலிக்கு இதமாக உடலை எந்த நிலையில் வைத்திருக்கிறோமோ, பெரும்பாலும் அந்த நிலையிலேயே தழும்பு இறுகிவிடுகிறது. இதனால்தான் கழுத்து எரிந்தவருக்குத் தலையணை கொடுப்பதில்லை. மூட்டுகளை நீட்டிவைத்து மட்டை கட்டுகிறார்கள். நோயாளி வலியால் துடித்தாலும் இயன்மருத்துவர் முதல் நாட்களிலிருந்தே அசைவுப் பயிற்சி கொடுக்கிறார். குழந்தைகளின் நிலை இன்னும் சிக்கலானது. பிள்ளை வளர வளர எலும்பு நீளும், ஆனால் தழும்பு அந்த வேகத்துக்கு வளர்ந்து கொடுக்காது. மூன்று வயதில் எரிந்த கைக்கு பத்து வயதில் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

நம் பகுதிகளில் யார் எரிகிறார்கள் என்பதற்கும் பதிவுகள் உண்டு. கிழக்கிலங்கைப் பொது வைத்தியசாலை ஒன்றில் இரண்டு வருடங்கள் நடத்தப்பட்டு, 2002 இல் வெளியான ஆய்வு 345 தீக்காய நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. அவர்களில் 64 வீதமானோர் விபத்தில் எரிந்தவர்கள். அந்த விபத்துகளில் 41 வீதத்துக்குக் காரணம், வீட்டில் செய்த மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சரிந்து விழுந்தமை. குறைந்தது நான்கில் ஒரு பங்கினர் தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டவர்கள். ஆகவே இது தோலோடு மட்டும் நிற்கிற விடயமல்ல. மனநலப் பராமரிப்பும் இதற்குள் அடங்கும்.

குப்பி விளக்கை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. 1990 இன் பின் மின்சாரமும் எரிபொருளும் தடைப்பட்ட வருடங்களில் ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்தில்தான் படித்தது. சரிந்தாலும் உருளாத, மூடி திருகி இறுகும் பாதுகாப்பான விளக்கை உருவாக்கிய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். மலிவான ஒரு சிறு மாற்றம் பல உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே கிடைத்த சான்று அது.

இன்று விளக்கு குறைந்திருக்கலாம், ஆபத்து குறையவில்லை. 2021 இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயுக் கசிவுகளும் வெடிப்புகளும் பதிவாகின. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டால் பலர் பெற்றோலை வீட்டில் சேமித்தனர், விறகடுப்புக்கும் திரும்பினர். வறுமை கூடும்போது தீயும் அடுக்களைக்கு நெருங்கி வருகிறது.

இவற்றோடு போரின் தீக்காயங்களும் உள்ளன. 2009 இல் வெள்ளைப் பொஸ்பரஸ் பயன்படுத்தப்பட்டதான குற்றச்சாட்டுகளை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் பதிவுசெய்தது. அரசாங்கம் அதை மறுத்தது. முடிவுக்கு வர முடியவில்லை என்றும் மேலும் விசாரிக்க வேண்டும் என்றும் அக்குழு கூறியது. எதனால் எரிந்தது என்ற விசாரணை ஒருபுறம் நிற்க, எரிந்த உடல்கள் இன்றும் நம் மத்தியில் வாழ்கின்றன. தற்காலிக வைத்தியசாலையிலிருந்து கப்பலுக்கும், அங்கிருந்து முகாமுக்கும் மாறிய ஒருவருக்கு, வருடக்கணக்கில் தொடர வேண்டிய இயன்மருத்துவம் எப்படிக் கிடைத்திருக்கும்?

மறுவாழ்வு ஆய்வுகளின் பொதுவான பலவீனம் இங்குதான் தெரிகிறது. அவை கிளினிக்குக்குத் திரும்பி வருபவர்களை அளக்கின்றன. வராதவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். நெடுந்தீவென்றால் முதலில் படகு, பிறகு பஸ். நாட்கூலி வேலை செய்யும் தாய் ஒருவர் பிள்ளையின் கைப் பயிற்சிக்காக மாதம் பல தடவை அந்தப் பயணத்தைச் செய்வது எளிதல்ல. தழும்பை அமர்த்தும் அழுத்த ஆடையை நாளொன்றுக்கு 23 மணித்தியாலங்கள் அணியச் சொல்கிறார்கள். அதன் பலன் எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் விவாதம் உண்டு. எமது வெயிலில், வியர்வையில், அதை ஒரு வருடம் போடுவது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதை இங்கு வாழ்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தீக்காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2016 இலும் 2018 இலும் வெளியிட்ட வழிகாட்டிகள், வளம் குறைந்த நாடுகளை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. சென்னையில் பிசிவிசி அமைப்பின் 'விடியல்' நிலையம், தீயில் தப்பிய பெண்களுக்கு இயன்மருத்துவத்தையும் உளவளத்துணையையும் ஒன்றாகக் கொடுக்கிறது. நமக்கும் முன்னுதாரணம் உண்டு. காலிழந்தவர்களுக்காக 1987 இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் போர்க்காலத்திலேயே இயங்கியது. செயற்கைக் கால் ஒரு தேவை என்பதை எமது சமூகம் ஏற்றுக்கொண்டது. மடங்கிய கையும் இறுகிய கழுத்தும் அதேபோன்ற தேவைகள் என்பதை இன்னும் உணரவில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கு, இறுகும் தழும்பை அடையாளம் காணும் பயிற்சி கொடுக்கலாம். வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போதே பயிற்சிகளைப் படங்களுடன் தமிழில் கையில் கொடுக்கலாம். மாவட்ட வைத்தியசாலைகளில் தொடர் கிளினிக் நடத்தலாம். தீ சுட்டவுடன் பற்பசையோ முட்டையோ பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் பிடிக்க வேண்டும் என்பதைப் பாடசாலைகளில் சொல்லிக்கொடுக்கலாம்.

பல வருடங்களுக்கு முன் இறுகிப்போன தழும்பையும் சத்திரசிகிச்சையால் விடுவிக்க வாய்ப்புண்டு என்பதை, இதை வாசிப்பவர்கள் தமக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். "இனி ஒன்றும் செய்யேலாது" என்று சால்வைக்குள் கழுத்தை மறைத்து வாழ்பவர்கள், ஒருமுறையேனும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்டிப் பார்க்கட்டும். ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. அடுத்த அமர்வில் குணமடைந்தவர்களின் வீதத்தோடு, கிளினிக்குக்கு வராமல் போனவர்கள் எத்தனை பேர், ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.