விடுமுறையில் வரும் சட்ட மாணவருக்கு ஒரு வேலை



2025 மார்ச் 28 ஆந் திகதி அரச வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் வெளிவந்தது. வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரித்துடையோர் மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், கோரப்படாதவை அரச காணிகளாகும் என்பதே அதன் சாரம். எதிர்ப்பு எழுந்தது. உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தலும் மீளப் பெறப்பட்டது. ஆனால் அந்த மூன்று மாதமும் எந்தப் பத்திரத்தை எங்கே தேடுவதென்று தெரியாமல் எம்மவர் பலர் அலைந்ததை நாம் மறக்கலாகாது.

அந்நாட்களில், தமது காணியும் இதற்குள் அடங்குமோ என்று கேட்டு ஒரு தாய் பொலித்தீன் பையொன்றுடன் என்னிடம் வந்தார். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடியபோது அவருடைய தகப்பன் மடியில் கட்டி எடுத்து வந்த கடதாசிகள் அதில் இருந்தன. அவருடைய மகள் சட்டம் படிக்கிறாள். விடுமுறையில் வீட்டில்தான் நின்றாள்.

“மகளுக்குக் காட்டினீங்களா?” என்றேன்.

“அவள் பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளை, சுவாமி. உந்தக் கடதாசியளைக் காட்டி ஏன் அவளுக்குக் கரைச்சல் குடுப்பான்?” என்றார்.

இந்த எண்ணம் மாற வேண்டும். விடுமுறையில் பிள்ளை ஆங்கிலம் படிக்கட்டும், சிங்களமும் படிக்கட்டும். இரண்டும் தொழிலுக்கு வேண்டியவை. கொழும்பில் பெரிய சட்டத்தரணி ஒருவருடைய அலுவலகத்தில் சில நாள் நின்று பழகக் கிடைத்தால் அதுவும் நன்றே. ஆனால் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் கடதாசிகளும் ஒரு பாடசாலையே. சட்டக் கல்லூரிப் பரீட்சை முடித்தவர் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயில வேண்டும். அங்கே சட்டப் பிரிவுகளைக் காட்டித் தருவார்கள். ஓர் ஏழை விவசாயி முன்பின்னாகச் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, திகதி வாரியாக ஒழுங்குபடுத்தும் பழக்கமோ ஆறு மாதத்தில் வந்துவிடாது.

எனவே இந்த விடுமுறையில் பிள்ளை செய்யக்கூடியவை இவை. முதலில், வீட்டிலுள்ள உறுதி, அனுமதிப்பத்திரம், வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் வாசித்து ஓர் அட்டவணை எழுதலாம். உறுதியில் குறித்துள்ள பதிவு இலக்கத்தைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்த்து, பிரதி எடுக்கலாம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கிடைத்த அனுமதிப்பத்திரமாயின், பின்னுரித்தாளராக எவருடைய பெயர் பதியப்பட்டுள்ளதென்று பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். பெயர் குறிக்கப்படாதவிடத்து ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம் தந்த பழைய ஒழுங்கு 2022 இல் திருத்தப்பட்டது. இதை அறியாத பெண்பிள்ளைகள் எம்மிடையே எத்தனை பேர்! நீதிமன்றம் கூடும் நாட்களில் பின்வாங்கில் அமர்ந்து காணி வழக்குகளைக் கவனிப்பதும் நல்ல பயிற்சியே.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாணவர் இன்னும் சட்டத்தரணி அல்லர். அவர் தீர்ப்புச் சொல்லவோ, பணம் வாங்கவோ, எவருடைய மூல உறுதியையும் தம் வசம் வைத்திருக்கவோ கூடாது. ஒழுங்குபடுத்திய பிரதிகளோடு ஒரு சட்டத்தரணியிடம் போக வேண்டும். வசதியில்லாதோர் 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். பத்திரங்கள் ஒழுங்காயிருந்தால் அங்கே வேலை விரைவாகும்.

“எனக்கு அயலான் யார்?” என்று இயேசுவிடம் கேட்டவர் ஒரு சட்ட அறிஞர் என்பதை நற்செய்தியில் வாசிக்கிறோம். எம் பிள்ளைகள் அக்கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தம் வீட்டுக் கடதாசியை வாசித்தபின், பக்கத்து வீட்டாருடையதையும் வாசிக்கட்டும்.

பெற்றோரே, அடுத்த விடுமுறையில் பிள்ளை வந்ததும் ஓரிரு நாள் தோட்ட வேலையிலிருந்து விடுவித்து, அந்தப் பெட்டியைத் திறந்து முன்னே வையுங்கள். பக்கத்தில் இருந்து, எந்த வேலி யாருடையது, எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு என்று சொல்லிக் கொடுங்கள். பத்திரத்தில் எழுதப்படாத இவை உங்களுக்கு மட்டுமே தெரியும். உங்கள் காலத்திலேயே அவை எழுத்தில் ஏறட்டும்.