முதியோர்க்கு வீடும் நகரத்துச் சோலையும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. இவற்றுள் உறையுள் முதுமையில் எத்துணை அரிய பொருளாகின்றது என்பதை, இளமைச் செருக்கில் நிற்கும் நாம் எளிதில் உணர்வதில்லை. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்தது என்னும் பழமொழி நம்மனோர்க்கே கூறப்பட்டது போலும். நியூயார்க் மாநகரில் நிகழ்ந்த நெடியதொரு வழக்கு, இவ்விஷயத்தை ஆழ்ந்து சிந்திக்குமாறு நம்மைத் தூண்டியது.

அந்நகரின் மன்ஹாட்டன் தீவில், தென்பகுதியிலே, எலிசபெத் வீதி என்றொரு தெரு உண்டு. முற்காலத்தில் பள்ளிக்கூடமொன்று இருந்த நகராட்சி நிலத்தை, கலைப்பொருள் வணிகர் ஒருவர் 1991ஆம் ஆண்டில் வாடகைக்குப் பெற்று, குப்பை நீக்கி, மரஞ்செடிகளை வளர்த்து, பழைய சிற்பங்களையும் நிறுவி அழகியதொரு சோலையாக்கினார். 2012இல் நகராட்சி அந்நிலத்தைக் குறைந்த வாடகை வீடுகளுக்கெனக் குறித்தது. 2017இல் ஹேவன் கிரீன் என்னும் திட்டத்தைத் தெரிந்தெடுத்தது. ஏழு மாடிக் கட்டடம். வருவாய் குன்றிய முதியோர்க்கு 123 சிறு வீடுகள். அவற்றுள் ஒரு பகுதி வீடின்றி அலைந்த முதியோர்க்கு உரியது. நிலத்தில் ஓரளவு யாவர்க்கும் பொதுவான திறந்தவெளி. இவையே அத்திட்டத்தின் சுருக்கம். 2019 ஜூன் மாதத்தில் நகர சபை இதற்கு இசைவளித்தது. அயலில் வாழ்வோர் எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2024 ஜூனில் அம்மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் நகராட்சிக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறிற்று. ஆயினும் 2025 ஜூனில் நகராட்சி தானே திட்டத்தைக் கைவிட்டது. வேறு மூன்று இடங்களில் 620க்கு மேற்பட்ட வீடுகளுக்கு வழிசெய்வதென அவ்வட்டாரச் சபை உறுப்பினரோடு உடன்பாடு செய்துகொண்டது.

எதிர்த்தோரைத் தன்னலத்தார் என்று ஒரே சொல்லால் ஒதுக்குதல் நேர்மையன்று. கல்லும் செங்கல்லுமாய் நெருங்கிய அப்பகுதியில் பசுமை அரிது. குழந்தைகள் மட்டுமன்றி முதியோரும் அந்நிழலில் இளைப்பாறினர். திரைப்பட இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி, நடிகர் ராபர்ட் டி நீரோ முதலியோரும் சோலையைக் காக்குமாறு வேண்டினர். பலர் கைப்பட நீரூற்றி வளர்த்த மரத்தை வெட்டுமுன் அரசு நூறு முறை எண்ணுதல் தகும்.

எனினும், நம் உள்ளத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. ஒரு கட்டடத்தால் இழப்போர் இன்னாரென இன்றே தெரியும். அவர்கள் சபைக்கு வருவர், பேசுவர், வழக்கும் தொடுப்பர். அதனாற் பயன்பெறுவோரோ இன்னும் குடியேறாதவர். அவர்க்கு முகமுமில்லை, முகவரியுமில்லை. அந்த 123 வீடுகளில் வாழ்ந்திருக்கக்கூடிய மூதாட்டி, தன் வீடு எதுவென்று அறியாமலே அதனை இழந்தாள். அவளுக்காகப் பரிந்துரைக்கப் புகழ்பெற்ற நடிகர் எவரும் கடிதம் எழுதுவதில்லை.

மற்றொன்று காலம். 2012 முதல் 2025 வரை பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. இளைஞனுக்குத் தாமதம் என்பது தாமதமே. முதியோனுக்கோ அது மறுப்பாகும். தொடக்கத்தில் எழுபது வயதினராய் நம்பிக்கையோடிருந்தவர், உயிரோடிருப்பின், முடிவில் எண்பத்து மூன்று வயதினர். அவரிடஞ் சென்று, ‘இன்னும் சிறிது பொறுங்கள்’ என்று கூற யாருக்கு நா எழும்?

‘வேறிடத்தில் மிகுதியான வீடுகள் வருமன்றோ?’ என்பர் சிலர். வந்தால் நன்றே, நாமும் மகிழ்வோம். ஆனால் அவ்வேறிடத்துக்கும் அயலார் உளர். ஆங்கும் நிழல் மறையும், நெரிசல் மிகும், தெருவின் தோற்றம் மாறும் என்னும் குரல் எழக்கூடும். வாக்குறுதி கூரையாகாது, மழைக்கு அதனடியில் ஒதுங்க இயலாது. ஆதலின், ஓரிடத்தில் முதியோர் இல்லத்தை விலக்குவதற்கு முன்னரே மாற்றிடத்தில் அடிக்கல் நாட்டப்பெறல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ‘இங்கு வேண்டா, அங்குக் கட்டுக’ என்று சொன்னவர்க்கு, அங்கே கட்டி முடியும்வரை உழைக்கும் கடமையும் உண்டு. சோலைக்காகப் பன்னாள் போராடிய ஊக்கம், அம்மூன்று இடங்களுக்காகவும் செலவிடப்படுமாயின், அவர்தம் அன்பு மரத்தளவில் நில்லாது மனிதரையும் தழுவியது என்று உலகம் ஒப்பும்.

மாணவ நண்பர்களே! உங்களுட் சிலர் பொறியியலாராகவும், நகரசபை அங்கத்தினராகவும், நீதிபதிகளாகவும் விளங்குவீர்கள். அனைவீரும் யாரோ ஒருவர்க்கு அயலாராக வாழ்வீர்கள். உங்கள் தெருவில் முதியோர்க்கு ஒரு மாடிவீடு எழுமெனக் கேள்விப்படும் நாளில், வேண்டும் குறைகளைத் தயங்காது எடுத்துரையுங்கள். உயரத்தைக் குறைக்கவும், மரத்தைக் காக்கவும் வழி நாடுங்கள். ஆனால் கையெழுத்திடுமுன் ஒரு கணம் நின்று, இக்கூட்டத்துக்கு வர இயலாதவர் யாவர் என்று எண்ணிப் பாருங்கள். அவருள் ஒருவர், வருங்காலத்து நாமேயாகவும் கூடும்.