இட்லி மாவும் மதுரைக் காலும்

பக்கத்து வீட்டுப் புது மருமகள் போன வாரம் வந்தாள். "அக்கா, கிருமின்னாலே எனக்குப் பயம். பாப்பா தொடுறதை எல்லாம் மருந்துத் தண்ணி விட்டுத் துடைச்சுக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

"அப்படின்னா உங்க வீட்ல இட்லி, தயிர் கிடையாதா?" என்று கேட்டேன். திருதிருவென்று முழித்தாள்.

சகோதரிகளே, ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அது யார் வேலை? உளுந்தோடு கூடவே வரும் பாக்டீரியாக்கள்தான் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பையும் காற்றையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. மார்கழியில் விடிந்த பிறகும் மாவு அசையாமல் கிடக்கிறதென்றால், குளிரில் அவை மந்தமாகி விட்டன என்று அர்த்தம். பாலை உறைய வைப்பதும் இந்தக் கூட்டம்தான். நம் குடலிலும் கோடிக்கணக்கில் குடியிருந்து உதவி செய்கின்றன.

ஆனால் மண்ணில் பொல்லாத வகைகளும் உண்டு. நம்ம ஊர்ப் பெயரையே வாங்கிக் கொண்ட வியாதி ஒன்று இருக்கிறது, தெரியுமோ? 1842-ல் மதுரையில் வைத்தியம் பார்த்த கில் என்ற ஆங்கில டாக்டர் அதைப் பற்றி எழுதினார். வைத்தியப் புத்தகங்களில் அதற்கு 'மதுரைக் கால்' என்றும் ஒரு பெயர் உண்டு. மல்லிகைப் பூ இருக்க, பெயர் இதற்கா போக வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்! சூடானிலும் மெக்சிகோவிலும்கூட இது உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் இதைக் கவனிப்பாரற்ற நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

வெறுங்காலோடு வயலில் நடக்கும்போது முள் குத்துகிறது. முள்ளோடு மண்ணிலுள்ள பூஞ்சையோ, ஒருவகை பாக்டீரியாவோ உள்ளே போய்விடுகிறது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு கட்டியாக ஒரு வீக்கம். அப்புறம் துளை துளையாகப் புண் விழுந்து, சீழோடு கறுப்பாகவோ வெள்ளையாகவோ ரவை போலக் குருணை வரும். மோசம் என்னவென்றால், பெரும்பாலும் வலிக்காது.

மேலூர்ப் பக்கம் எங்கள் மாமனார் வயலில் வேலை பார்த்த பெரியவரை அந்த வலியில்லாமைதான் ஏமாற்றியது. "நோவுதா தாத்தா?" என்று கேட்டால், "நோவே இல்லை தாயி, ஊமை வீக்கம்" என்பார். பச்சிலை கட்டியே வருஷங்களை ஓட்டினார். எலும்பு வரை போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பாதத்தையே எடுக்க வேண்டியதாகி விட்டது. முதலிலேயே கூட்டிப் போகாத குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. இப்போதும் மனசு உறுத்துகிறது.

சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்து, பாக்டீரியாவா பூஞ்சையா என்று கண்டுபிடிக்கிறார்கள். பாக்டீரியா என்றால் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுப் பெரும்பாலும் குணமாகி விடலாம். பூஞ்சை என்றால் பிடிவாதம் அதிகம், அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. அதனால் நோயாளியை ஒதுக்கி வைக்காதீர்கள்.

முள் குத்தினால் எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். சாணி, சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம். டெட்டனஸ் கிருமியும் மண்ணில்தான் இருக்கிறது. ஊசி போட்டு நாளாகி இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

அறுப்புக் காலத்தில் நெல் உமியோ தோகையோ கண்ணில் பட்டாலும் இதே பூஞ்சை ஆபத்து உண்டு. கருவிழியில் புண்ணாகிப் பார்வையே போகலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து பூஞ்சைக்குச் சோறு போட்ட மாதிரி. அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் மறுநாள் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்தாள், உறை மோர் கேட்டு. பாப்பா காலில் புதுச் செருப்பு.