அணுவுக்கு ஆசை கிடையாது

“சோடியம் ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்துவிட ஆசைப்படுகிறது, குளோரின் அதை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது.” படிவம் 4 வேதியியல் படித்த பலரும் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் சொல்ல எளிது, மனத்திலும் நிற்கும். ஆனாலும், ஆசிரியர்களாகிய நாங்கள் இதைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். வாயு நிலையிலுள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து, அணுவுக்கு ஓர் எலெக்ட்ரான் வீதம் பிரித்தெடுக்க ஏறத்தாழ 496 கிலோஜூல் ஆற்றல் செலவாகிறது. அந்த எலெக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது திரும்பக் கிடைப்பதோ 349 கிலோஜூல்தான். இந்தக் கொடுக்கல் வாங்கலில் மிஞ்சுவது 147 கிலோஜூல் நட்டம்! கொடுக்க ஆசைப்படும் அணுவிடமிருந்து ஏன் இவ்வளவு செலவழித்துப் பிடுங்க வேண்டும்?

நட்டத்தை ஈடுகட்டுவது அடுத்த கட்டம். நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அடுக்கப்படும்போது சுமார் 787 கிலோஜூல் வெளியாகிறது. அந்த ஈர்ப்புதான் அயனிப் பிணைப்பு. எலெக்ட்ரான் கைமாறுவது பிணைப்பு அன்று. உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. அவற்றுள் எது அதன் எலெக்ட்ரானை வாங்கியது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

ஒரு சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை ஊற்றினால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். எலெக்ட்ரான் கொடுத்த சோடியம் கரைசலிலேயே நிற்க, குளோரைடு அயனி வெள்ளி அயனியோடு சேர்ந்துவிடுகிறது. கொடுத்ததும் வாங்கியதும் ஒரு சோடி என்று பதிய வைத்திருக்கும் மாணவருக்கு இது விளங்காது. சமன்பாட்டை மனப்பாடம் செய்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. எஸ்.பி.எம். தாளில் கேள்வி சற்றே மாறி வந்தாலும் அந்த மனப்பாடம் கைகொடுக்காது.

“எட்டு நிரம்பிவிட்டால் அணு நிம்மதியாகிவிடும்” என்பதும் இதே கதையின் மறுபாதிதான். எட்டு எலெக்ட்ரான்களை வெளிக்கூட்டில் கொண்ட செனான் எதனுடனும் சேராது என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. 1962இல் நீல் பார்ட்லெட் செனானின் சேர்மத்தை உருவாக்கிக் காட்டினார். எட்டு ஒரு பயனுள்ள கணக்குதான். ஆனால், அது காரணம் ஆகாது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை வீட்டில் வேதியியல் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அணு ஆசைப்படுகிறது என்கிறாயே, இதில் ஆற்றல் எங்கே செலவாகிறது, எங்கே கிடைக்கிறது?” உடனே பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை யோசிக்கத் தொடங்கினாலே பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள்.