சேலையூரில் இரண்டு கைதிகள்

ஆட்டக் கோட்பாட்டைத் தொடங்கும் பொருளியல் மாணவர் முதலில் சந்திப்பது இரண்டு கைதிகளை. 1950இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பிறந்த புதிருக்கு ஆல்பர்ட் டக்கர் அணிவித்த கதை அது. தனித்தனி அறைகளில் இருவர். காட்டிக்கொடுப்பது ஒவ்வொருவருக்கும் ஆதாயம். இருவருமே காட்டிக்கொடுத்தால் இருவருக்கும் கேடு. தாம்பரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிறைச்சாலை எதற்கு என்பதுதான் தமிழ் கற்பிக்கும் என் கேள்வி.

சேலையூரில் அடுத்தடுத்த இரு அடுக்ககங்களை எண்ணிப் பாருங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்குகிறது. ஒருவர் போரை இன்னும் நூறடி இறக்கினால் அடுத்தவருக்கு ஊற்று குறைகிறது, அவரும் இறக்குகிறார். செலவு இருவருக்கும், தண்ணீரோ எவருக்கும் கூடவில்லை. அண்டை வீட்டார் நல்லவரா என்பது இங்கே பொருட்டன்று. அவர் இறக்கினாலும் இறக்காவிட்டாலும் நாம் இறக்குவதே நமக்கு நல்லது என்கிறது கணக்கு. ஒருவர் தனியாக மாறிப் பயனில்லாத இந்நிலையே ஜான் நாஷ் சொன்ன சமநிலை. அதன் முடிவு தண்ணீர் லாரி. 2019 கோடையில் தென்சென்னைப் புறநகரின் பல தெருக்கள் அதற்காகக் குடங்களோடு காத்திருந்தன.

மழைநீர் சேகரிப்பும் இதே ஆட்டம்தான். குழி வெட்டும் செலவு என்னுடையது. மண்ணில் இறங்கும் நீர் தெருவுக்கே பொது. 2003இல் தமிழக அரசு அதைக் கட்டாயமாக்கியபோது, அறிவுரை சாதிக்காததை விதி ஓரளவு சாதித்தது. ஆனால் ஒருமுறை வெட்டவைப்பது வேறு, ஆண்டுதோறும் தூர்வாரவைப்பது வேறு.

அப்படியானால் அரசாணை ஒன்றே வழியா? இல்லை என்று காட்டியவர் 2009இல் பொருளியல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம். கைதிகள் பேசிக்கொள்ள முடியாது. ஒரே நீரைப் பங்கிடுவோர் பேசலாம், விதி வகுக்கலாம், மீறுவோரைக் கண்காணிக்கலாம். தாம்பரத்துக்குத் தென்மேற்கே உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டுப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பேசுகிறது. குடவோலையில் தேர்வு, 360 நாள் பதவி. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்க முடியாது. ஏமாற்றுவது இலாபமாகாதபடி விதி செய்யும் கலை இது. (நிலமும் கல்வித் தகுதியும் உடையோருக்கே அந்தச் சபை என்பதை மறைக்க வேண்டியதில்லை.) நாமோ அதைத் தேர்தல் பெருமை பேச மட்டுமே மேற்கோள் காட்டுகிறோம். பொருளியல் வகுப்புக்குள் அது நுழைவதேயில்லை.

பாடநூலின் நான்கு கட்டங்களை ஆண்டுக்கணக்கில் சிறைத்தண்டனை நிரப்பியது போதும். தங்கள் தெருவில் போர் எத்தனை அடி, இன்னும் இறக்க என்ன செலவு, வாரத்துக்கு எத்தனை லாரி என்று மாணவர்கள் கேட்டு எழுதி நிரப்பட்டும். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாமல் அந்தக் கணக்கு முடியாது.