இசைக்கலைஞரின் ஆசனமும் அவரது செவியும்

மேற்கத்திய சிம்பொனி இசைக்குழு மேடையில் அமர்ந்திருக்கும் ஒழுங்கை நம்மிற் பலர் ஓர் அழகுக்காட்சியாகவே பார்க்கிறோம். முன்னே வயலின் முதலான தந்தி வாத்தியங்கள், நடுவே புல்லாங்குழல் போன்ற மென்மையான குழல்கள், அதற்கும் பின்னே டிரம்பெட் முதலிய பித்தளை வாத்தியங்களும் தாள வாத்தியங்களும். உண்மையில் இது ஒலியைச் சமப்படுத்தும் ஏற்பாடு. வயலின்கள் முப்பது சேர்ந்து எழுப்பும் நாதத்தை நான்கைந்து டிரம்பெட்டுகள் மூழ்கடித்துவிடக்கூடும். எனவே வலியது பின்னாலும் மெலியது முன்னாலும் வைக்கப்படுகின்றன. சபையிலிருப்பவருக்கு அனைத்தும் அளவோடு கேட்கின்றன. பித்தளை வாத்தியங்களுக்கு நேர்முன்னே ஆசனம் வாய்த்த கலைஞரின் செவிக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

ஆசன ஒழுங்கு குறித்த விவாதங்கள் இசையுலகிற்குப் புதியவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலாம் வயலின் அணியும் இரண்டாம் வயலின் அணியும் மேடையின் இரு ஓரங்களிலும் எதிரெதிரே அமர்வது பரவலான வழக்கமாக இருந்தது. 1893இல் அரங்கேறிய சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில், இறுதிப் பகுதியின் தொடக்க மெட்டை இவ்விரு அணிகளும் ஒரு சுரம் விட்டு ஒரு சுரமாகப் பகிர்ந்து வாசிக்கின்றன. எதிரெதிரே அமர்ந்தால்தான் அந்த மெட்டு மேடையின் குறுக்கே அலைவது புலப்படும். இருபதாம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் ஸ்டொகோவ்ஸ்கியும் லண்டனில் ஹென்றி வூட்டும் வயலின்கள் யாவற்றையும் இடப்புறமாக ஒன்றுசேர்த்தனர். அதற்கும் நியாயம் உண்டு. அருகருகே இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டு ஒன்றாக வாசிப்பது எளிது. வலப்புறம் அமரும் வயலினின் ஒலித்துளைகளோ சபைக்கு எதிர்ப்புறமாகவே திரும்பியிருக்கும்.

நமது கச்சேரி மேடைக்கும் இச்சிக்கல் தெரியும். பாடகரின் வலப்பக்கம் அமரும் மிருதங்கக் கலைஞரின் வலந்தலை சபையை நோக்கியிருக்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பாளர். அவருடைய வலந்தலை சபையை நோக்க வேண்டுமாயின் அவர் பாடகரின் இடப்பக்கம் அமர வேண்டும். வயலின் வித்துவான் இடம் மாற வேண்டும். அதற்கு உடன்படாதோர் இருந்தனர். செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணைநின்றார். ஆசனம் ஒரு கலைஞரின் வாய்ப்புகளையே நிர்ணயிக்கக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வாய்ப்பை மட்டுமல்ல, உடலையும் அது பாதிக்கிறது. 2012ஆம் ஆண்டு லண்டன் றோயல் ஒபெரா ஹவுஸில் வாக்னரின் ‘டி வல்க்கியூரே’ இசைநாடகத்துக்கான ஒத்திகை. மேடைக்கு முன்னுள்ள வாத்தியக் குழியில் இடம் குறைவு. வாக்னருக்கோ வாத்தியங்கள் அதிகம். வியோலா கலைஞரான கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடரின் முதுகுக்கு நேர்பின்னே பித்தளை வாத்தியங்கள் அமர்த்தப்பட்டன. ஒலியின் உச்சம் 130 டெசிபெல்லைத் தாண்டியது. காதடைப்பான் வழங்கப்பட்டிருந்தும் அவரது செவிப்புலன் கெட்டது, தொழிலைக் கைவிட்டார். தொழிற்சாலை இரைச்சல் வேலையின் வேண்டாத விளைவு, இசையிலோ ஒலியே உற்பத்திப் பொருள் என்று அரங்கின் தரப்பு வாதிட்டது. 2018இல் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அரங்கின் பொறுப்பை உறுதிசெய்தது.

அத்தீர்ப்பு இசையை அடக்கிவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. அவர்களுடைய அச்சத்தை நான் முற்றாகப் புறந்தள்ளவில்லை. காதை அடைத்துக்கொண்டு சுருதி சேர்ப்பது கடினம்; ஒலித்தடுப்புப் பலகை வைத்தால் டிரம்பெட்டின் முழக்கம் அதை ஊதுபவரிடமே திரும்பும். ஆயினும் செய்யக்கூடியவை இருக்கின்றன. பித்தளை வாத்தியங்களை உயர்ந்த படிகளில் அமர்த்தலாம்; இடைவெளியைக் கூட்டலாம்; ஆசனங்களைச் சுழற்சி முறையில் மாற்றலாம்; உரத்த பகுதிகளின் ஒத்திகைகளை ஒரே நாளில் குவிக்காதிருக்கலாம். மூன்று டெசிபெல் குறைந்தாலே செவியை எட்டும் ஒலிச்சக்தி பாதியாகிறது. இக்கணக்கில் இரண்டு அடி இடைவெளியும் அற்பமானதல்ல.

பழைய அச்சியந்திரங்களின் அருகே ஆயுள் முழுவதும் நின்று, காது மந்தமாகி ஓய்வுபெற்ற தொழிலாளர்களைப் பத்திரிகைத் தொழிலில் நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய செவியைப் பத்திரிகைக்குச் செலுத்திய காணிக்கை என்று எவரும் புகழ்ந்ததில்லை. கலைஞருக்கு நேரும்போது மட்டும் அதைத் தியாகம் என்கிறோம். அந்தச் சொல்லின் மறைவில் அரங்குகளை நடத்துவோர் தமது கடமையிலிருந்து தப்பித்துக்கொள்ள இடமளிக்கக் கூடாது. ஒத்திகைக்குக் கதிரைகளை அடுக்கும்போதே, அந்தக் கதிரையில் அமரப்போகிறவரின் செவியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.