கோச்சை மாத்தினா களிமண் மாறுமா?

ஏப்ரல் பொறந்தா எங்க சோழவந்தான்ல வெயில் மண்டையைப் பிளக்கும். அதே நேரத்துல ஐரோப்பாவில டென்னிஸ் களிமண் சீசன் ஆரம்பிக்கும். மான்டே கார்லோ, மாட்ரிட், ரோம், கடைசியா பாரிஸ். கூடவே தவறாம இன்னொரு சீசனும் ஆரம்பிச்சிடும். அதான் சாமி, கோச்சைத் துரத்துற சீசன்!

நாலு மேட்ச் தோத்தா போதும். "கோச் சரியில்லப்பா, ஆளை மாத்தணும்"னு டீக்கடை பெஞ்சுலேர்ந்து டிவி வரைக்கும் ஒரே பாட்டு. எனக்கு இதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்றேன்.

2017 மே மாசம். ஜோகோவிச் 2006லேர்ந்து கூட இருந்த மரியான் வாய்டா உள்பட மொத்த டீமையும் அனுப்பிட்டார். அதுவும் மாட்ரிட் போட்டிக்குக் கொஞ்சம் முன்னாடி! 'ஷாக் தெரபி'ன்னு அவரே பேரும் வெச்சார். பாரிசுக்கு அகாஸி வந்தார். என்ன ஆச்சு? காலிறுதியில தீம்கிட்ட நேர் செட்ல தோல்வி, கடைசி செட் 6-0. 2018 ஏப்ரல்ல அதே வாய்டாவைத் திரும்பக் கூப்பிட்டார். ஜூலையில விம்பிள்டன், செப்டம்பர்ல யு.எஸ். ஓப்பன். (நடுவுல முழங்கை ஆபரேஷனும் நடந்தது. எல்லாப் புண்ணியமும் வாய்டாவுக்கேன்னு நான் சொல்லல.) அப்பவாவது பாடம் படிச்சாரா? 2024 நவம்பர்ல ஆன்டி மர்ரேயைச் சேர்த்தார், 2025 மே மாசம், பாரிசுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது ரெண்டு பேரும் பிரிஞ்சாச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். களிமண்ணுன்னு சொல்றோமே தவிர, அது நம்ம கம்மாக் களிமண் இல்ல. பாரிஸ்ல சுண்ணாம்புக்கல் படுகை மேல செங்கல் பொடியை மெல்லிசாத் தூவி வெச்சிருப்பாங்க. பந்து மெதுவா வரும், ஆனா தோள் உயரத்துக்கு எகிறும். ஓடி நின்னு அடிக்க முடியாது, சறுக்கிக்கிட்டே அடிக்கணும். ஒரு பாயின்ட்டுக்கு இருபது தடவை பந்தைத் திருப்பி அனுப்புற பொறுமை வேணும். மான்டே கார்லோவிலேர்ந்து பாரிஸ் ஃபைனல் வரைக்கும் மொத்தமே ரெண்டு மாசம். காலும் பொறுமையும் ரெண்டு மாசத்துல வர்ற சமாச்சாரமா? நேத்து வந்த கோச் என்ன மந்திரமா போடுவார்?

நடாலைப் பாருங்க. சின்னப் பையன்லேர்ந்து சித்தப்பா டோனிதான். 2005லேர்ந்து 2017க்குள்ள பாரிஸ்ல பத்துப் பட்டம். மோயா முதல்ல கூட வந்து சேர்ந்தார், அந்த வருஷம் முழுக்க ரெண்டு பேரும் இருந்தாங்க, அப்புறம்தான் டோனி ஒதுங்கினார். மோயா காலத்துல இன்னும் நாலு பட்டம். மாத்துறதுன்னா இப்படி மாத்தணும்.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம ராமநாதன் கிருஷ்ணனுக்கு அப்பா டி.கே. ராமநாதன்தான் வாத்தியார். 1954ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960லயும் 61லயும் விம்பிள்டன் அரையிறுதி. பேரன் ரமேஷ் 1979ல ஒரே வருஷத்துல விம்பிள்டன் ஜூனியர், ஃபிரெஞ்சு ஜூனியர் ரெண்டையும் அடிச்சார். புல்லும் களிமண்ணும்!

"சின்னர் 2022 பிப்ரவரியில கோச்சை மாத்தினாரே, ஜெயிக்கலையா?"ன்னு கேப்பீங்க. ஜெயிச்சார். 2024 ஜனவரியில, ஆஸ்திரேலியாவில! நடுவுல ரெண்டு வருஷம் புது கோச்சோட பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னாரே, அதையும் சேர்த்துப் பேசுங்க.

இன்னொண்ணு. இந்த ஆட்டத்துல கோச்சுக்குச் சம்பளம் குடுக்குறதே ஆட்டக்காரர்தான். மாணவனே முதலாளி. தோல்விக்குக் காரணம் உன் சோம்பேறித்தனம்னு எந்த வாத்தியார் துணிஞ்சு சொல்வார்? சொன்னா அடுத்த வாரம் வீட்டுக்கு! அதுவும் நம்மாளுங்களுக்குக் கோச்சே ஆடம்பரம். 2023 செப்டம்பர்ல சுமித் நாகல் பேங்க்ல 900 யூரோதான் இருக்குன்னு வெளிப்படையாச் சொன்னார். அதே ஆள் 2024 ஏப்ரல்ல மான்டே கார்லோவில தகுதிச் சுற்று தாண்டி மெயின் டிராவுக்கு வந்து, முதல் சுற்றுல அர்னால்டியை ஜெயிச்சார். 1982ல ரமேஷ் ஆடினதுக்கப்புறம் 42 வருஷம் கழிச்சு அங்க ஒற்றையர் ஆடின இந்தியர்.

எனக்கு உண்மையிலயே வயித்தெரிச்சல் ஜோகோவிச் மேல இல்லீங்க. அவருக்குக் காசு இருக்கு, மாத்திக்கட்டும். அதைப் பார்த்துட்டு பத்து வயசுப் பிள்ளையை ஆறு மாசத்துக்கு ஒரு கோச்கிட்ட இழுத்துட்டுப் போற அப்பா அம்மா மேலதான். ஒருத்தர் ராக்கெட் பிடியை ஒரு மாதிரி சொல்லித் தருவார், அடுத்தவர் அதை மாத்துவார். கடைசியில பிள்ளை ராக்கெட்டையே கீழ போட்டுரும்.

எங்க ஊர்ல வெத்தலைக் கொடிக்கால் போடுறவங்களைக் கேட்டுப் பாருங்க. அகத்தி வளரணும், கொடி அதைப் பிடிச்சு ஏறணும், அப்புறம்தான் இலை கிள்ள முடியும். இலை வரலைன்னு வாரம் ஒரு தடவை கொடியைப் பிடுங்கிப் பிடுங்கி வேற அகத்தியில கட்டினா என்ன மிஞ்சும்? வெறும் மண்ணுதான். செங்கல் பொடியானாலும் சரி, வைகைக் கரை மண்ணானாலும் சரி.